இருபத்தேழில் ஒரு பெட்டி

சிவசம்புவைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். போன மாதம்கூட பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் பழைய இலாகா ஆள் ஒருவன், தங்கச்சி புருஷனுக்காகக் கண்ணை மூடிக்கொண்ட சிலோன்காரர்தானே அவர் என்று பல்லைக் குத்திக்கொண்டே சொன்னான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வயது ஐம்பத்தேழு, ரத்தக்கொதிப்பு வேறு. இல்லாவிட்டால் அவன் பல் குத்த வேண்டிய அவசியமே இல்லாமல் செய்திருப்பேன்.

என் பெயர் பேசில். மின்சார இலாகாவில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவன். சிவசம்புவுக்குப் பதினோரு வருடம் ஜீப் ஓட்டினேன். முதல் வருடம் சார் என்று கூப்பிட்டேன், அப்புறம் அண்ணே என்று ஆகிவிட்டது. அவர் என்ன செய்தார், என்ன செய்யவில்லை என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த இலாகாவில் ஒருத்தனுக்கும் தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிராணிக்கு, அதாவது குமாஸ்தாவுக்கு, பிரிக்பீல்ட்ஸில் பிறந்தவர். அம்மா சீக்கிரமே போய்விட்டார், அப்பாவும் இவருடைய இருபத்திரண்டு வயதில் போய்விட்டார். கையில் மிஞ்சியது பத்து வயதுத் தங்கை குணபூசணி. அவளுக்குத் தலை பின்னிவிடுவதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போவது வரை இவர்தான். அவளைப் படிக்க வைத்து, என்ஜினியர் யோகநாதனுக்குக் கட்டிக் கொடுத்து நிமிர்ந்து பார்த்தபோது இவருக்கு முப்பத்தேழு வயது. இனிமேல் எனக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று சிரிப்பார். கொடுக்க ஆள் இருந்தார்கள், இவர்தான் கேட்கவில்லை.

இலாகாவில் அவர் டெக்னிக்கல் அசிஸ்டண்ட். நாங்கள் வாங்கும் சாமான்களைத் தொழிற்சாலைக்கே போய்ப் பரிசோதித்து, தேறினால் கையெழுத்துப் போட வேண்டும். அதில் பெரிய தலைவலி பீங்கான் இன்சுலேட்டர். மின்கம்பத்து இரும்புச் சட்டத்தின் மேல் பழுப்பு நிறத்தில் உட்கார்ந்துகொண்டு கம்பியைத் தாங்குமே, அதுதான். பார்க்க ஊறுகாய்ச் சாடி மூடி மாதிரி இருக்கும். ஆனால் கம்பியில் ஓடும் மின்சாரம் சட்டத்துக்கு இறங்காமல் தடுப்பது அது ஒன்றுதான். சூளையில் நன்றாக வெந்த பீங்கான் ஒரு சொட்டு ஈரத்தையும் உள்ளே விடாது. சரியாக வேகாதது மழைத் தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கும், ஈரம் போன வழியே மின்சாரமும் போகும். வெளியே பூசிய பளபளப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை உண்டு. பெட்டிகளில் சிலதைத் தேர்ந்தெடுத்து, அதிலிருக்கும் இன்சுலேட்டர்களை உடைத்து, அந்தத் துண்டுகளை ரோஸ் நிறச் சாயம் நிரம்பிய இரும்புப் பானையில் போட்டு, அழுத்தம் கொடுத்துப் பூட்டி சீல் வைத்துவிடுவார். மறுநாள் வந்து சீலைப் பிரித்து, துண்டுகளை மீண்டும் உடைத்துப் பார்ப்பார். உள்ளே சாயம் ஏறியிருந்தால் மொத்தச் சரக்கும் தள்ளுபடி. அவருடைய விரல்கள் எப்போதும் ரோஸாகத்தான் இருக்கும். மருதாணி வைத்துக்கொண்டு வருகிறார் மாப்பிள்ளை என்று ஆபீஸில் கேலி செய்வோம்.

கிள்ளான் மேரு ரோட்டுப் பக்கம் ஒரு பீங்கான் தொழிற்சாலை வந்தது. அதன் பெயர் எதற்கு, இப்போது அந்த இடத்தில் டயர் கிடங்கு இருக்கிறது. 1977-இல் அதற்கு மேனேஜராக வந்து உட்கார்ந்தது யார் என்றால் தங்கை புருஷன் யோகநாதன். அன்றைக்கே சிவசம்பு மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினார்: அங்கே என் உறவுக்காரர் இருக்கிறார், தயவுசெய்து வேறு ஆளை அனுப்புங்கள். டைப் அடிக்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். பீங்கான் தெரிந்த வேறு ஆள் இல்லை, நீயே போ என்று பதில் வந்தது. அந்தக் கடிதம் ஃபைலில்தானே இருந்திருக்க வேண்டும்? பின்னால் தேடியபோது காணவில்லை.

போனார். ஆனால் எப்படிப் போனார் தெரியுமா? அந்தக் கேட்டுக்குள் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். பிளாஸ்க்கில் தேநீர், டப்பாவில் ரொட்டி, எல்லாம் ஜீப்பில் இருக்கும். மச்சான் கார் அனுப்புகிறேன் என்றால் வேண்டாம். ஒரு தடவை கேட்டைத் தாண்டி அரை மைல் வந்த பிறகு சப்பாத்து அடியில் ஒரு பீங்கான் சில்லு ஒட்டியிருப்பதைப் பார்த்தார். ஜீப்பைத் திருப்பச் சொல்லி, அதைக் காவலாளி கையில் கொடுத்துவிட்டு வந்தார். காவலாளி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

சோதனைக்கு எந்தப் பெட்டியை எடுப்பது என்பதில்தான் அவருடைய சூட்சுமம் இருந்தது. இதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன், இருந்தாலும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மனுஷன் கை தானாக ஒரு பெட்டியை எடுப்பதில்லை, கண் போன இடத்துக்குத்தான் கை போகும், கண்ணுக்குத் தெரியும்படி நல்ல பெட்டியை முன்னால் வைக்கத் தொழிற்சாலைக்காரனுக்குத் தெரியும் என்பது அவர் கணக்கு. அதனால் பஞ்சாங்கத்தைப் பார்த்து எடுப்பார். அன்றைக்குச் சூரியன் உதிக்கும்போது என்ன நட்சத்திரமோ அதன் எண். ரோகிணி என்றால் வாசலிலிருந்து நாலாவது பெட்டி, அப்புறம் இருபத்தேழு தள்ளி முப்பத்தொன்று, அதிலிருந்து இருபத்தேழு தள்ளி ஐம்பத்தெட்டு. மூலம் என்றால் பத்தொன்பதில் தொடங்குவார். சீனன், மலாய்க்காரன், நம் ஆள் எவனும் கண்டுபிடிக்க முடியாது என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னக் கர்வம். முதல் வருடத்திலேயே இரண்டு சூளைச் சரக்கைத் தள்ளுபடி செய்தார். யோகநாதன் முகம் இருண்டு போனதை நான் பார்த்தேன்.

தொழிற்சாலையில் தண்ணீர் குடிக்காத மனுஷன் ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் பிடித்துப் பெட்டாலிங் ஜெயாவுக்குத் தங்கை வீட்டுக்குப் போவார். அதை மட்டும் விடவில்லை. உத்தியோகம் வேறு, தங்கச்சி வேறு என்பார். வருடா வருடம் சித்திரைப் பிறப்புக்கு ஸ்காட் ரோட்டுக் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டு, யாழ்ப்பாணப் பஞ்சாங்கம் இரண்டு வாங்குவார். ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு. அவளுடையதில் முதல் பக்கத்தில் 'குணபூசணிக்கு' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுப்பார்.

1978-இல் பொங்கல் முடிந்த மறுநாள் ஞாயிறு. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது குணபூசணி கேட்டாளாம், கிள்ளானுக்குப் போகிற நாளெல்லாம் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்க்கிறீர்களே, நல்ல நேரமா பார்க்கிறீர்கள் என்று. ஆபீஸ் விஷயத்தில் வாயே திறக்காத ஆள், அன்றைக்கு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே பெட்டிக் கணக்கைச் சொல்லிவிட்டார். யோகநாதன் வெளியே கார் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டது அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு ஐந்து வருடம் அந்தத் தொழிற்சாலைச் சரக்கு ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை. மச்சான் தொழிலைப் படித்துவிட்டார் என்று சிவசம்புவுக்கு எவ்வளவு சந்தோஷம். ஜீப்பில் வரும்போது என்னிடமே இரண்டு தடவை சொன்னார்.

1983 நவம்பரில் நாலு நாள் விடாத மழை. தெலுக் பங்லிமா காராங் பக்கம் போகும் லைனில் அடிக்கடி மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. லைன்மேன் பாலன் கம்பத்தில் ஏறினான். முப்பது வயது, கெட்டிக்காரன், கம்பியை அவன் தொடவே இல்லை. பிடித்துக்கொண்டது இரும்புச் சட்டத்தை. சட்டத்தில் மின்சாரம் இருந்தது. இருபதடி உயரத்திலிருந்து விழுந்தான், வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் சிவசம்புவைக் கூட்டிக்கொண்டு போனேன். பாலனுக்கு நினைவு இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற இவரைப் பார்த்ததும் முகத்தில் ஒரு தெளிச்சி.

"அண்ணே, அது நீங்க பாத்து விட்ட சாமான்னு சொன்னாங்க. அந்தத் தைரியத்துலதான் சட்டத்தைப் புடிச்சேன்" என்றான்.

அவன் குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மறுநாள் அந்தக் கம்பத்துப் பீங்கான்களை எங்கள் ஸ்டோருக்குக் கொண்டுவரச் சொல்லி, தானே உடைத்து, தானே சாயத்தில் போட்டார். அதற்கு மறுநாள் எடுத்துப் பிளந்தபோது உள்ளே நடு வரைக்கும் ரோஸ். தேநீரில் தோய்த்த ரொட்டி மாதிரி குடித்திருந்தது. இவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சரக்கு அது.

அவர் யாரையும் திட்டவில்லை. பேசில், கிள்ளானுக்குப் போகலாம் என்றார். முதல் தடவையாக, வரும் தேதியை முன்கூட்டிச் சொல்லிக் கடிதம் அனுப்பாமல் போனோம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். யோகநாதன் வெளியே போயிருந்தார், பேக்கிங் கொட்டகையில் ஆள் இல்லை. பெட்டிகள் அடுக்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி, அந்த ஆணியில் நூல் கோத்து ஒரு யாழ்ப்பாணப் பஞ்சாங்கம் தொங்கியது. அந்தக் கொட்டகையில் வேலை செய்தவர்கள் மலாய்ப் பெண்களும் இரண்டு சீனர்களும். எடுத்துப் பிரித்தார். நாங்கள் பரிசோதனைக்கு வந்த தேதிகள் ஒவ்வொன்றிலும் பென்சிலால் வட்டம். பக்கத்தில் எண்கள்: நாலு, முப்பத்தொன்று, ஐம்பத்தெட்டு. முதல் பக்கத்தைத் திருப்பினார். 'குணபூசணிக்கு' என்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாவற்றையும் சொன்னார், நின்ற இடத்திலேயே, மெல்லிய குரலில். பரிசோதனைத் தேதியைத்தான் நாங்கள் ஒரு வாரம் முன்பே கடிதத்தில் எழுதி விடுகிறோமே. அன்றைய நட்சத்திரத்தைப் பார்த்து, அந்தப் பெட்டிகளில் மட்டும் நன்றாக வெந்ததை வைத்திருக்கிறார்கள். சூளை எரிக்கும் எண்ணெய் விலை ஏறிய பிறகு மற்றதை அரைச் சூட்டில் எடுத்துத் தள்ளியிருக்கிறார்கள். அண்ணே, அதைச் சட்டைக்குள்ளே போடுங்க, அதுதான் சாட்சி என்றேன். அவர் நூலை ஆணியில் மாட்டினார்.

"இந்தக் கேட்டுக்குள்ளேருந்து ஒரு தாள்கூட நான் எடுத்துட்டுப் போனதில்ல, பேசில். இனிமேலும் எடுக்க மாட்டேன். முறைப்படி அவங்களே வந்து எடுக்கட்டும்."

இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா? அவருக்குத் தெரியாமல் நானாவது உருவிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்காக என்னை நானே திட்டாத நாள் கிடையாது.

அங்கிருந்து நேரே பெட்டாலிங் ஜெயா. தங்கை வீட்டுக்கு இலாகா ஜீப்பில் அவர் போனது அந்த ஒரு நாள்தான். நான் போர்ட்டிகோவில் நாற்காலியில் உட்கார்ந்தேன், கதவு திறந்தே கிடந்தது. குணபூசணி தேநீரோடு வந்தாள். அவர் உட்காரவில்லை. பெட்டிக் கணக்கை யார் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றாள், ஒளிக்கவில்லை.

"ஏன் குணம்?"

"நீங்கள் ஏன் அண்ணை எனக்குச் சொன்னனீங்கள்? ஆபீஸ் கதை ஒரு சொல்லும் வாயில வராத ஆள், அதை மட்டும் ஏன் சொன்னனீங்கள்? இவரிண்ட சரக்கை ரெண்டு தரம் திருப்பி விட்டிட்டீங்கள், வேலை போகப் பாத்துது. அதுக்குப் பிறகு நேர உதவி செய்ய ஏலாமல், எனக்குச் சொல்லி வழி காட்டுறீங்கள் எண்டுதான் நினைச்சன்."

அவர் கேட்டார்: "அப்ப அந்தப் பிளாஸ்க்? அங்க தண்ணி குடிக்காதது?"

"அது மற்ற ஆக்களுக்குக் காட்டுறதுக்கு எண்டு நினைச்சன், அண்ணை."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாரோ என்று எழுந்து எட்டிப் பார்த்தேன். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் அழுதுகொண்டே கெஞ்ச ஆரம்பித்தாள். இன்னும் எட்டு மாதத்தில் உங்களுக்கு ரிட்டயர்மெண்ட், ரிப்போர்ட்டில் விபத்து என்று எழுதிவிட்டுச் சும்மா இருங்கள், யார் கேட்கப் போகிறார்கள், மூன்று பிள்ளைகளையும் படிக்க வைக்க வேண்டுமே என்றாள். பாலனுக்குக் கை போய்விட்டது என்று மட்டும் அவர் சொன்னார். அவள் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்ததை அவரே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார், ஜனவரியில் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள், எல்லாம் ஆங்கிலத்தில். சாட்சி என்று என்னையும் கூப்பிட்டு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். சிவசம்பு எழுந்து உள்ளதை உள்ளபடி சொன்னார். நட்சத்திரக் கணக்கைச் சொன்னபோது அதிகாரிகளில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தார். தங்கையிடம் வாய்விட்டது தன் தப்பு, அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஆனால் அந்தத் தொழிற்சாலைப் பீங்கான் எந்தக் கம்பத்தில் இருந்தாலும் உடனே கழற்றுங்கள் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதோடு முடிந்தது, சத்தியம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன், மடையன்.

அடுத்து யோகநாதன் எழுந்தார். கோட்டு, டை எல்லாம். பையிலிருந்து அந்தப் பஞ்சாங்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கள் மேல் உள்ள பாசத்தில் என் மைத்துனரே ஒவ்வொரு வருடமும் இதைக் கொண்டுவந்து கொடுத்தார், எந்தெந்தப் பெட்டி என்று அவரே சொல்லிக் கொடுத்தார், சூளையில் நடந்த கோளாறு எங்களுக்கே தெரியாது, அவர் ஒழுங்காகப் பார்த்திருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றார். முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது. நான் எழுந்தேன், உட்கார் என்றார்கள். என் முறை வந்தபோது ஒரே கேள்விதான்: இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மேனேஜர் வீட்டுக்குப் போவாரா? போவார் என்றேன். பிளாஸ்க்கைப் பற்றி, சப்பாத்துச் சில்லைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று உட்கார வைத்தார்கள்.

கடைசியாகக் குணபூசணி. வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தைக் காட்டி, இது யாருடைய கையெழுத்து என்று கேட்டார்கள்.

"என் அண்ணாவுடையது."

அவரே உங்கள் கையில் கொடுத்தாரா?

"ஓம். அவரே தந்தது."

பெட்டி எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொன்னவரும் அவர்தானா?

"அவர்தான்."

இதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த மூன்று பதிலிலும் ஒரு பொய் கிடையாது. அதை நினைத்தால்தான் எனக்குத் தலைக்கு ஏறுகிறது. ஒரு பொய் சொல்லியிருந்தால் பொய்க்காரி என்று திட்டிவிட்டுப் போயிருக்கலாம். நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சிவசம்புவைக் கேட்டார்கள். அவள் சொன்னது சரி என்றார்.

வேலை நீக்கம். முப்பத்திரண்டு வருட சர்வீஸுக்கு பென்ஷன் கிடையாது. தொழிற்சாலைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போனது. யோகநாதன் அடுத்த வருடமே சம்பள உயர்வோடு வேறு கம்பெனிக்குப் போனார். சிவசம்பு சாலாக் செலாத்தானில் ஒரு அறை எடுத்து, பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலத்தைத் தள்ளினார். பாலனை மாதம் ஒரு தடவை போய்ப் பார்ப்பார், தொண்ணூற்றொன்றில் அவர் இறக்கும் வரைக்கும். குணபூசணி சாவுக்கு வந்தாள், பெரிதாக அழுதாள். நான் அவளோடு பேசவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. விசாரணை முடிந்த அன்றைக்கு அவரைக் கடைசியாக ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். அந்தப் பெண்பிள்ளையை, அவள் புருஷனை, அந்த மூன்று அதிகாரிகளை, ஒருத்தரையும் விடவில்லை. பென்ஷனுக்கு அப்பீல் போடுங்கள், நான் சாட்சி வருகிறேன் என்றேன். வீட்டு வாசலில் நிறுத்தினேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தவர், அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பென்ஷன் போனா போகட்டும், பேசில். எனக்கு என்ன செலவு. நான் நேர்மையா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்த வீட்டுல போய் உக்காந்து சாப்பிட்டேன். அஞ்சு வருஷமா அவ தன் நெனப்புல ஒரு களவாணிக்குத்தான் சோறு போட்டிருக்கா. அப்படி நெனச்சும் இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க அண்ணைன்னு ஆசையாத்தான் போட்டா."